பக்கத்து இலை

கல்யாண வீட்டில் நாற்காலி பிடிப்பதற்கு ஒரு சாமர்த்தியம் வேண்டும், அது சுகிர்தாவுக்குச் சின்ன வயதிலேயே உண்டு. சாப்பிடுகிறவர்களின் முதுகைப் பார்த்தே யார் முதலில் எழுந்திருப்பார் என்று சொல்லிவிடுவாள். தயிர்ச்சோற்றுக்கு வந்தவரை நம்பக் கூடாது, அவர் ஊறுகாய்க்காக இன்னொரு கரண்டி வாங்குவார். பிரியாணியைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போனைத் தேடுகிறவர் பின்னால் போய் நின்றால் இடம் நிச்சயம். பாளையங்கோட்டையில், சித்தப்பா மகளின் கல்யாணத்தில், மழை ஈரத்தோடு செருப்பு நசநசக்க, அம்மா ரஞ்சிதத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அப்படித்தான் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். முதல் பந்தி எழுந்து, மேசைக் காகிதத்தைச் சுருட்டி, புதுக் காகிதம் விரித்து இலை போடுவதற்குள் கூட்டம் முட்டி மோதி உட்கார்ந்துவிட்டது. நாற்காலிக்குப் பின்னால் நாற்காலிக்காரர்களைவிட அதிகம் பேர் நின்றார்கள். ஜன்னல் ஓரத்து மேசையில் மட்டும் மூன்று நாற்காலிகள் சும்மா கிடந்தன. நடுவில் ஒரு அம்மாள் சாம்பல் நிறப் பருத்திச் சேலையில் உட்கார்ந்து இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் இரண்டு. "அம்மா, அங்க இடம் கிடக்கு, வா," என்று இழுத்தவளின் கையை ரஞ்சிதம் பின்னுக்கு இழுத்தாள். "அங்க வேண்டாம்." "ஏம்மா?" "யாரு உக்காந்திருக்கான்னு பாரு." பார்த்தாள். ஜெயசீலி டீச்சர்.

வேறு பக்கம் பார்க்கலாம் என்று திரும்பினால் கண் மறுபடி அங்கேயே போய் நின்றது. ஒரு கணவனும் மனைவியும் அந்த நாற்காலியின் முதுகைத் தொட்டுவிட்டார்கள், மனைவி குனிந்து முகத்தைப் பார்த்தாள், கணவனின் முழங்கையைக் கிள்ளினாள், இரண்டு பேரும் யாரையோ தேடுகிறவர்கள் போலக் கழுத்தை நீட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். எவ்வளவு நாசூக்காகச் செய்கிறார்கள். யாரும் முறைக்கவில்லை, யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேர்தல் முடிந்து கோடை போய் மழைக்காலமும் வந்துவிட்டது, ஜெயித்தவர் அமைச்சருக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படங்கள் கூட நனைந்து கிழிந்துவிட்டன, இந்த ஒதுக்கல் மட்டும் இன்னும் போகவில்லையா. போகாது என்று அவளுக்குத் தெரியும். போகாத மாதிரிதானே செய்தது. சென்னையில் குளிரூட்டிய அறையில், வெள்ளைப் பலகை முன்னால் நின்று, கையில் பேனாவைச் சுழற்றிக்கொண்டு அவள்தான் சொன்னாள்: தோற்கடித்தால் போதாது, அனுதாபமும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சொன்னது ஜெயசீலி என்கிற மனுஷியைப் பற்றி அல்ல, பலகையில் அது 'சுயேச்சை, பெண், ஓய்வுபெற்ற ஆசிரியை, பள்ளிக்குப் பக்கத்திலிருந்த மதுக்கடையை மூடவைத்தவர், நம் ஓட்டைப் பிரிப்பவர்' என்றுதான் இருந்தது. பெயரை எழுதாதது அவள்தான். தெரிந்தவர் பெயரை எழுதக் கை வராது என்று அன்றைக்கே கைக்குத் தெரிந்திருக்கிறது, தலைக்குத்தான் தெரியவில்லை. இல்லை, தலைக்கும் தெரியும்.

ஆரம்பத்தில் இந்த வேலை இப்படி இல்லை. சோப்புக் கம்பெனிக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவளைத்தான் ஒரு கட்சிக்கு வேலை செய்கிற நிறுவனம் கூப்பிட்டுக்கொண்டது. பெரம்பலூர் பக்கம் வெயிலில் கிராமம் கிராமமாக நடந்து, என்ன குறை, யார் வந்து கேட்டார்கள், எந்தத் தண்ணீரைக் குடிக்கிறீர்கள் என்று கேட்டு, சாயங்காலம் வந்து பெரியவர்களிடம் சொல்லும்போது அவளுக்குப் பெருமையாக இருந்தது. ஒரு ஊருக்குக் குழாய் கூட வந்தது, அவள் சொன்னதால் வந்தது. மக்களிடம் கேட்கிற வேலை என்று அம்மாவிடம் சொல்வாள். எப்போது அது மக்களிடம் சொல்கிற வேலையாக மாறியது என்று யோசித்துப் பார்த்தால் ஒரு நாளைக் குறிப்பிட்டுச் சொல்ல முடியவில்லை. ஒரு கோஷம் எழுதிக் கொடுத்தாள், அது ஆட்டோவின் பின்னால் ஓடியது. ஒரு தலைவருக்கு எந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். இன்னொருவருக்கு, மன்னிப்புக் கேட்கிற மாதிரியே இருக்க வேண்டும் ஆனால் கேட்டிருக்கக் கூடாது, அப்படி ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தாள், அந்த வாக்கியத்துக்கு அறையே எழுந்து நின்று கைதட்டியது. அந்தக் கைதட்டலில்தான் ஏதோ நடந்திருக்க வேண்டும். நாற்பது வயதுக்குள் தனியாகக் கம்பெனி. பேட்டி எடுக்க வந்த பெண், இந்தத் துறையில் ஒரு பெண்ணாக உங்களுக்கு என்ன சாதகம் என்று கேட்டபோது, பெண்களுக்கு எங்கே வலிக்கும் என்று எனக்குத் தெரியும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அது அச்சில் வந்தது. அம்மா அதை வெட்டி பைபிளுக்குள் வைத்திருக்கிறாள். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குக் காது மடல் சுடுகிறது.

"அந்தப் பக்கம் ஒருத்தர் கை கழுவ எந்திரிக்கார், வா வா," என்றாள் ரஞ்சிதம். அவர் எழுந்திருக்கவில்லை, வேட்டியைச் சரி செய்துகொண்டு மறுபடி உட்கார்ந்தார். அம்மா இன்றைக்கு நீலப் பட்டு கட்டியிருந்தாள், தோள்பட்டையில் ஊக்கு லேசாகப் பிடுங்கிக்கொண்டிருந்தது. முப்பது வருஷம் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவள், இன்னும் எப்படி ஊக்கு குத்தினாலும் அவளுக்குத் திருப்தி வராது. ஜெயசீலி டீச்சர் அதே பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர், விடுதிக்கும் அவர்தான் பொறுப்பு. இரண்டு பேரும் ஒரே குடையில் வீட்டுக்கு வருவார்கள். போன வருஷம் சுகிர்தா லீவுக்கு வந்திருந்தபோது, சாளைமீன் குழம்பு வைத்துச் சுடச்சுடப் பரிமாறிக்கொண்டே அம்மாதான் சொன்னாள். பல வருஷத்துக்கு முன்னால் விடுதியில் பேச்சித்தாய் என்று ஒரு பிள்ளை, மூளைக்காய்ச்சல் கண்டு, ஜெயசீலி அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் ரோட்டுக்கு ஓடி, போகிற வண்டியை மறித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. தாய் தகப்பன் வந்து சேரும்வரை கட்டில் பக்கத்திலேயே இருந்து, பிள்ளை போனபிறகு பள்ளிக்கு வந்து யாரிடமும் பேசாமல் கரும்பலகையைத் துடைத்துத் துடைத்து நின்றது. "அவ மாதிரி ஒருத்திய நான் பாத்ததில்ல பிள்ள," என்று சொல்லும்போது அம்மாவின் கண் கலங்கியிருந்தது. சுகிர்தா முள்ளை எடுத்து இலை ஓரம் வைத்துக்கொண்டே, அந்தக் குடும்பம் இப்போ எங்கம்மா என்று கேட்டாள். "பம்பாய்ப் பக்கம் போயிட்டாங்கன்னு சொன்னாங்க." அவ்வளவுதான் கேட்டாள். அன்றைக்கு ஏன் கேட்டாள்? பரிதாபப்பட்டுத்தான் கேட்டாள் என்று நூறு தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். அப்போது ஜெயசீலி டீச்சர் தேர்தலில் நிற்கப்போவதே யாருக்கும் தெரியாது. ஆனாலும் அந்தக் கேள்வி கேட்ட குரல், மீன் முள்ளை எடுத்த அந்த விரல், அதெல்லாம் ஏற்கனவே வேலையில் இருந்தது போலத்தான் இப்போது தோன்றுகிறது.

பொய் நிற்க ஒரு உண்மை வேண்டும் என்று அவள் புதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பாள். பிள்ளை செத்தது உண்மை, டீச்சர் பக்கத்தில் இருந்தது உண்மை, வெயில் உண்மை. மீதியை, செத்த பிள்ளையின் தாய் பேசுகிற மாதிரி, அவள் எழுதினாள். காய்ச்சலோடு இருந்த பிள்ளையை வீட்டுப்பாடம் முடிக்கவில்லை என்று வெயிலில் முட்டிபோட வைத்தாள், என் பிள்ளையக் கொன்ன கை இன்னைக்கு உங்ககிட்ட ஓட்டுக் கேட்டுக் கும்பிடுது. பேசியது டப்பிங் பேசுகிற ஒரு அம்மாள், தெற்கத்திப் பேச்சு நன்றாக வந்தது. முதல் தடவை ஓவென்று அழுதுவிட்டார். சுகிர்தா கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து பொத்தானை அமுக்கி, அழாதீங்கம்மா, அழுகையை அடக்கிக்கிட்டுப் பேசுங்க, கேக்கிறவங்க அழட்டும் என்றாள். நன்றாக வந்தது. பதிவு முடிந்து எல்லோரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். அவள் பிஸ்தா வாங்கினாள். பிஸ்தா என்று நினைவிருப்பதுதான் தாங்க முடியவில்லை. மறுநாள் போனைத் திறந்தால் அந்தக் குரல் முதலில் வந்தது அம்மாவிடமிருந்து. கீழே அம்மா எழுதியிருந்தாள், மனுஷங்கள நம்ப முடியல பாத்தியா. சுகிர்தா அப்போது சிரித்திருக்கலாம், அம்மா, நீயே சொன்ன கதைதானே என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. காத்திருந்தாள். தன் அம்மாவே நம்புகிறாளா என்று பார்க்க ஒரு ஆசை. சாயங்காலம் அம்மா கூப்பிட்டுச் சொன்னாள்: "எனக்கு அன்னைக்கே ஒரு மாதிரி இருந்துச்சு பிள்ள. ஏன் இவ ஆஸ்பத்திரிய விட்டு நகரவே மாட்டேங்கான்னு. செஞ்ச பாவந்தான் உக்காத்தி வச்சிருக்கு." அம்மா பொய் சொல்லவில்லை, அம்மாவுக்கு அப்படித்தான் ஞாபகம் இருந்தது. கண் கலங்கிச் சொன்ன அந்தக் கதை அம்மாவின் தலைக்குள்ளேயே திரும்பிப் படுத்துவிட்டது. சுகிர்தா, ஆமாம்மா என்றாள். அந்த 'ஆமாம்மா'. எழுதியது தொழில், பதிவு செய்தது தொழில், அந்த 'ஆமாம்மா' எதில் சேர்த்தி?

பரிமாறுகிறவன் பச்சடி வாளியோடு ஜன்னல் மேசைக்கு வந்து, யாரும் இல்லாத இலைகளைப் பார்த்து, டீச்சர் இலையில் மட்டும் ஒரு கரண்டி வைத்துவிட்டுத் தாண்டிப் போனான். டீச்சர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்காமல் சாப்பிடப் பழகிவிட்டார் போலிருக்கிறது, ஒவ்வொரு கல்யாணத்திலும் இப்படித்தான் போல, வீட்டிலேயே இருந்திருக்கலாம், வராமலே இருந்திருக்கலாம், ஏன் வருகிறார்? வராவிட்டால் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். வந்தாலும் திமிர் என்பார்கள். சுகிர்தாவுக்கு இரண்டு பேச்சும் காதில் கேட்டது, இரண்டையும் அவளே எழுதியிருப்பாள். கால் நகர்ந்தது. எங்கே போகிறோம் என்று நினைப்பதற்குள் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "ஏட்டி, சுகி," என்று அம்மா பின்னால் தணிந்த குரலில் கூப்பிட்டாள். உட்கார்ந்துவிட்டாள். வருத்தப்பட்டு உட்கார்ந்தாளா, அங்கே நின்று பார்க்க முடியாமல் உட்கார்ந்தாளா? மண்டபமே தன்னைப் பார்க்கிறது என்று தோன்றியது, அதில் ஒரு நல்ல பெயரும் கிடைக்குமே என்று ஒரு நினைப்பு, பல்லிக் குஞ்சு மாதிரி, சட்டென்று ஓடி மறைந்தது. அதைப் பார்த்ததும் எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

"ரஞ்சிதம் மகளா? சுகிர்தாதானே?" டீச்சரின் குரலில் ஒன்றும் இல்லை, வழக்கமான குரல்தான். "ஆமா டீச்சர்." "மெலிஞ்சிட்டியே. அம்மா சாப்பிட்டாளா?" "அந்தப் பக்கம் இடம் பாக்காங்க." டீச்சர் தலையாட்டினார். அவருக்குத் தெரிந்திருந்தது. பிரியாணி வந்தது. அதைப் பிசைந்துகொண்டே, "நீ எலக்ஷன் வேலைதானே பாக்க? ரஞ்சிதம் சொல்லியிருக்கா, கட்சிக்காரங்களுக்கு யோசனை சொல்லுத வேலைன்னு," என்றார். சுகிர்தா தண்ணீர் டம்ளரை எடுத்தாள். "உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். வேற யார்கிட்ட கேக்க? நான் எங்க தப்புப் பண்ணேன்?" கிண்டலா என்று முகத்தைப் பார்த்தாள். இல்லை. கணக்கில் எந்த வரியில் பிசகு என்று தேடுகிற முகம். தப்பி ஓட இடம் கிடைத்தது போல சுகிர்தாவின் வாய் தானாகவே பேச ஆரம்பித்தது. "நீங்க உடனே பதில் சொல்லியிருக்கணும் டீச்சர். அன்னைக்கே ஒரு வீடியோ. ஆஸ்பத்திரியில கூட இருந்தவங்க யாரையாவது பேச வச்சிருக்கணும். பேசாம இருந்தா ஜனங்க வேற மாதிரி எடுத்துக்குவாங்க." சொல்லச் சொல்ல அதன் சீரான ஓட்டம் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. வீட்டுக்குத் தீ வைத்துவிட்டு வாளி எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோமே. டீச்சர் கவனமாகக் கேட்டார். "எல்லாரும் அதத்தான் சொன்னாங்க. எனக்கு மனசு வரல. பேச்சித்தாயைக் காட்டி ஓட்டுக் கேக்கதா? செத்த பிள்ளைய மேடைக்கு இழுக்கக் கூடாதுன்னு இருந்துட்டேன்."

கொஞ்ச நேரம் சாப்பிட்டார்கள். பிறகு டீச்சர், இலையைப் பார்த்துக்கொண்டே, தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். "இப்ப எனக்கே சந்தேகம் வருது பாத்துக்கோ. அந்த வாரம் ஒரு பரிட்சை இருந்துச்சு. பிள்ளைகளச் சத்தம் போட்டேன். பேச்சித்தாய் அந்தக் கூட்டத்துல இருந்தாளா? அவளுக்கு அப்பவே காய்ச்சல் இருந்து, நான் கவனிக்காம எந்திரிச்சு நில்லுன்னு சொல்லிட்டேனோ? அந்த அம்மா அப்படி அழுதாளே, சும்மா அழுவாளா? வெயில்ல அவளத் தூக்கிட்டு ஓடுனது நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா வெயில நினைச்சா இப்ப வேற ஒண்ணு சேந்தே வருது. அவ முட்டி போட்டிருக்க மாதிரி." முட்டிபோட வைத்தது சுகிர்தா. ஒரு மதியம், காப்பியைக் குடித்துக்கொண்டே, கம்பால் அடித்தாள் என்று எழுதியதை அடித்துவிட்டு, அடி என்றால் அடையாளம் கேட்பார்கள், முட்டி என்றால் கேட்க மாட்டார்கள் என்று மாற்றினாள். அந்த முட்டி இந்த மனுஷியின் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. "அது பொய் டீச்சர். அப்படி ஒண்ணும் நடக்கல. அது… நான்தான் எழுதினேன்." முதலில் 'அது' வந்தது, 'நான்' கடைசியில்தான் வந்தது, ஒப்புக்கொள்ளும்போதும் ஆள் பின்னால் நிற்கிற மாதிரி எத்தனையோ பேருக்கு அவள் எழுதிக் கொடுத்த வரிசை. இந்த நேரத்திலும் அது தானாக வந்து நின்றதைப் பார்த்து அவளுக்குத் தன் நாக்கையே பிடுங்க வேண்டும் போல இருந்தது.

டீச்சரின் கை இலையில் அப்படியே நின்றது. "அழுதது?" "அது ஒரு நடிகை." "பேச்சித்தாயோட அம்மா இல்ல?" "இல்ல." "பேச்சித்தாய் பேரு உனக்கு யாரு சொன்னா?" "அம்மா. நல்லாத்தான் சொன்னாங்க. உங்களப் பத்திப் பெருமையாத்தான்…" டீச்சர் திரும்பி, கூட்டத்தில் ரஞ்சிதத்தைத் தேடிப் பார்த்தார். ரஞ்சிதம் கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். "ஆஸ்பத்திரிக்கு எனக்கு மாத்துச் சேல கொண்டு வந்தவ அவ," என்றார். மூச்சை மெல்ல விட்டார். தோள் கொஞ்சம் தாழ்ந்தது. "நான் செய்யலன்னு உன் வாயால கேட்ட பிறகுதான் எனக்கே நிம்மதி வருது. என்னைப் பத்தி எனக்கு நீ சொல்ல வேண்டியிருக்கு பாரு. அதுக்கே உன்ன ஓங்கி ஒண்ணு வைக்கணும் போல இருக்கு." வைக்கட்டும் என்று சுகிர்தா காத்திருந்தாள். வைத்தால் நன்றாக இருக்கும், வைத்துவிட்டால் முடிந்துவிடும். அவர் வைக்கவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது, அதைச் சொல்லிச் சொல்லிக் கொடுத்துத் தேய்த்துவிட்டோமே, அதைச் சொன்னால் இவர் அதிலும் கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடுவார் என்று பயம் வந்தது. "அதுக்கு எங்கிட்ட காதோட வந்து சொல்லி என்ன?" என்றார் டீச்சர். "போயி ரஞ்சிதத்துக்கிட்ட சொல்லு." பிறகு இலையிலேயே தண்ணீர் விட்டுக் கையைக் கழுவி, இலையை மூடிவிட்டு எழுந்து, சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, பொண்ணு மாப்பிள்ளை இருந்த பக்கம் நடந்தார்.

எச்சில் கையோடு சுகிர்தா எழுந்தாள். இங்கிருந்து அங்கே போவதற்குள் எத்தனை வாக்கியம் வந்து போயிற்று. அம்மா, உங்கிட்ட ஒரு விஷயம். அம்மா, கோபப்படாத. அம்மா, அந்த நேரத்துல வேலை அப்படி. ஒவ்வொன்றும் வழவழப்பாக, கையில் பிடிக்க ஏதுவாக, எங்கேயும் குத்தாமல். எல்லாவற்றையும் தள்ளிவிட்டால் மிச்சம் ஒன்றும் இல்லாத மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சொல்லலாமே, அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு வேறு, சாப்பிடக்கூட இல்லை. தொழில் போய்விடும், வழக்குப் போடுவார்கள், கட்சிக்காரர் கைகழுவி விடுவார், அதெல்லாம் வரிசையாக வந்தது. ஆனால் அதற்கெல்லாம் மேலாக, பைபிளுக்குள் இருக்கிற அந்த வெட்டிய காகிதத்தை அம்மா என்ன செய்வாள் என்ற நினைப்புத்தான் காலைப் பிடித்தது. ரஞ்சிதம் அவளைப் பார்த்ததும் பக்கத்து அம்மாளை விட்டு நகர்ந்து வந்து, "அங்கன போயி உக்காந்தியே, எல்லாரும் பாக்காங்க. என்ன சொன்னா அவ?" என்றாள்.

"நான் செஞ்சேன்மா," என்றாள் சுகிர்தா. "என்னத்த?" "பேச்சித்தாயோட அம்மா அழுத மாதிரி வந்துச்சே, போன்ல. நான் செஞ்சேன். நீ எனக்குச் சொன்ன கதை அது. டீச்சர் அவளத் தூக்கிட்டு ஓடுனாங்கன்னு நீதான் அழுதுட்டே சொன்ன. நான் அத மாத்தி, ஆள் வச்சுப் பேச வச்சு…" வாக்கியம் முடியவில்லை, எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. ரஞ்சிதத்தின் முகத்தில் முதலில் ஒன்றும் மாறவில்லை. பிறகு கண் எதையோ உள்ளே தேடியது, பழைய ஒரு வெயிலை, ஒரு கட்டிலை. கிடைத்ததா என்று தெரியவில்லை. சட்டென்று அவள் மகளின் முழங்கையைப் பிடித்து, குழாய் வரிசையில் நின்றவர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "மெதுவாப் பேசு பிள்ள," என்றாள், "ஆளுக நிக்காங்க."

ஆட்கள் நின்றார்கள். ஈரக் கையை உதறிக்கொண்டு, பல்லைக் குத்திக்கொண்டு, ஜெயசீலி டீச்சரின் பக்கத்தில் உட்காராமல் போன அந்தக் கணவனும் மனைவியும் கூட நின்றார்கள். சுகிர்தாவுக்கு முகமெல்லாம் கொதித்தது, கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, மூக்கு ஒழுகியது, சோற்றுக் கையால் துடைக்கவும் முடியவில்லை. அம்மாவின் பிடி இறுகியது. அவள் அந்தப் பிடியை விடுவித்துக்கொள்ளாமலே, குழாயடியில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி, கரகரத்துப் பிசிறடிக்கிற குரலில், முதலிலிருந்து மறுபடியும் சொன்னாள்.